இரு முறை வெளியேறியவர்

தேவிகா ராணி என்றதும் பழைய ஹிந்திப் பட ரசிகர்களுக்கு இரண்டு காட்சிகள் நினைவுக்கு வரும். ஒன்று, அசோக் குமாரோடு மரக்கிளையில் உட்கார்ந்து பாடும் கிராமத்துப் பெண். மற்றது, 'கர்மா' படத்து முத்தம். நான்கு நிமிஷ முத்தம் என்று இன்றுவரை எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். படத்தைப் பார்த்தால் அவ்வளவு நேரமும் இல்லை, அவ்வளவு சிருங்காரமும் இல்லை என்று தெரியும். நாயகன் பாம்பு கடித்து நினைவு தப்பிக் கிடக்கிறான். அவனிடம் உயிர் இருக்கிறதா என்று தவிக்கிறாள் ஒருத்தி. நடித்த இருவரும் நிஜத்தில் கணவன் மனைவி.

எனக்கு அந்த அம்மாளிடம் உள்ள அக்கறை வேறு. ஒரே ஸ்டூடியோவை விட்டு அவர் இரண்டு தடவை வெளியேறினார். முதல் தடவை திரும்பி வந்தார். இரண்டாம் தடவை வரவில்லை. கதை எழுதிப் பிழைக்கிறவன் இப்படிப்பட்ட விஷயத்தைக் கண்டால் சும்மா விடமாட்டான்.

1908-ல் வால்டேரில் பிறந்தவர். அன்று அது சென்னை ராஜதானியைச் சேர்ந்த ஊர். தகப்பனார் கர்னல் சௌத்ரி, ராஜதானியின் சர்ஜன் ஜெனரல் பதவிக்கு வந்த முதல் இந்தியர். தாகூர் குடும்பத்து உறவு வேறு. சினிமாவில் நடிக்கக் குடும்பப் பெண்கள் கூசிய காலத்தில் இப்படி ஒரு வீட்டிலிருந்து ஒரு பெண் வந்தாள் என்பதே அப்போது பெரிய செய்தி. சிறு வயதிலேயே இங்கிலாந்துக்குப் படிக்கப் போனார். நாடகம் கற்றார், துணிகளுக்குச் சித்திரம் போடக் கற்றார். அங்கே ஹிமான்ஷு ராயைச் சந்தித்தார். 'லைட் ஆப் ஏஷியா'வில் புத்தராக நடித்துப் பேர் வாங்கியவர். தேவிகாவைவிடப் பதினாறு வயது மூத்தவர். ஜெர்மனியில் அவருக்கு ஏற்கெனவே ஒரு மனைவியும் ஒரு மகளும் இருந்தார்கள். 1929-ல் கல்யாணம். பிறகு பெர்லினில் உபா ஸ்டூடியோவில் பயிற்சி. ஹிட்லர் தலையெடுத்ததும் தம்பதிகள் இந்தியாவுக்குத் திரும்பி, 1934-ல் பம்பாயை அடுத்த மலாடில் பம்பாய் டாக்கீஸைத் தொடங்கினார்கள்.

அது சாதாரணப் படக் கம்பெனி அல்ல. பங்குகள் விற்று மூலதனம் திரட்டினார்கள். டைரக்டர் பிரான்ஸ் ஆஸ்டன், காமிராவுக்கு ஜோசப் விர்ஷிங் என்று ஜெர்மானியர்களை அழைத்து வந்தார்கள். எல்லாருக்கும் மாதச் சம்பளம். சாப்பாட்டுக் கூடத்தில் ஜாதி பார்க்காமல் ஒன்றாக உட்கார வேண்டும். சங்கீதத்துக்கு ஒரு பெண்ணை அமர்த்தினார்கள். பார்ஸி சமூகத்தவர் தங்கள் பெண் சினிமாவுக்குப் போவதா என்று கொதித்தார்கள். குர்ஷித் என்ற அந்தப் பெண் சரஸ்வதி தேவியானார். பெயர் மாற்றுவது அந்த ஸ்டூடியோவுக்கு ஒரு வழக்கமாகவே போய்விட்டது.

இப்படி இருக்கும்போது 1936-ல், 'ஜீவன் நையா' பாதி எடுத்த நிலையில், கதாநாயகியும் கதாநாயகன் நஜ்முல் ஹஸனும் கல்கத்தாவுக்குப் போய்விட்டார்கள். முதலாளியின் மனைவி! உருது எழுத்தாளர் மண்டோ பின்னாளில் அசோக் குமாரைப் பற்றி எழுதும்போது இந்தச் சம்பவத்தையும் சொல்லியிருக்கிறார். ஸ்டூடியோவில் ஒலிப்பதிவுப் பகுதியில் இருந்த சசதர் முகர்ஜிதான் சமாதானம் பேசித் தேவிகா ராணியைத் திரும்ப அழைத்து வந்தார். நஜ்முல் ஹஸன் கல்கத்தாவிலேயே தங்கி, நியூ தியேட்டர்ஸில் சேர்ந்தார். அவருடைய இடத்துக்கு முகர்ஜியின் மைத்துனர் ஒருவரைப் பிடித்து நிறுத்தினார்கள். லாபரட்டரியில் வேலை பார்த்துக்கொண்டிருந்த குமுத்லால் கங்குலி அப்படித்தான் அசோக் குமார் ஆனார்.

இதையே நான் நாவலாக எழுதியிருந்தால், பெண்ணை ஆற்றில் தள்ளியிருப்பேன். அல்லது காசிக்கு அனுப்பியிருப்பேன். நம் கதைகளில் ஓடிப்போனவளுக்கு அந்த இரண்டு வழிதான் திறந்திருந்தது. தேவிகா ராணி திரும்பி வந்து, மேக்கப் போட்டுக்கொண்டு, விட்ட படத்தை முடித்துக் கொடுத்தார். அதில் அவருக்கு என்ன வேஷம் தெரியுமா? கணவனால் துரத்தப்பட்டும், பின்பு அவன் குருடானதும் தான் யாரென்று சொல்லாமலே பணிவிடை செய்கிற மனைவி. மறு வருஷமே 'சாவித்ரி' எடுத்தார்கள். சாவித்திரி அவரேதான். சத்தியவான், அசோக் குமார். ஜனங்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தார்கள்.

கணவர் பெருந்தன்மையால் ஏற்றுக்கொண்டாரா, பங்குதாரர்களை நினைத்து ஏற்றுக்கொண்டாரா? இரண்டும் இருந்திருக்கலாம். எனக்கு இரண்டாவதில்தான் நம்பிக்கை அதிகம். கதாநாயகி இல்லாமல் அந்தக் கம்பெனி இல்லை.

'அச்சூத் கன்யா' வந்ததும் அதே 1936-ல்தான். ரயில்வே கேட் காவல்காரனின் மகள் கஸ்தூரி, தீண்டப்படாத ஜாதிப் பெண். பிராமணப் பையன் பிரதாப்பை விரும்புகிறாள். கல்யாணம் இருவருக்கும் வேறு வேறு இடத்தில் நடந்துவிடுகிறது. கடைசியில், தண்டவாளத்துக் குறுக்கே நின்ற வண்டியருகே புருஷனும் பிரதாப்பும் கட்டிப் புரள, வருகிற ரயிலை நிறுத்தப் போய் அவள் உயிரை விடுகிறாள். லண்டன் மெருகு கலையாத, புருவம் திருத்திய முகத்தைக் கிராமத்துப் பெண் என்று நம்புவது கொஞ்சம் கஷ்டம்தான். ஆனால் அந்தப் படத்தின் தைரியம் நிஜம். திருவிதாங்கூரில் கோயில் கதவுகள் திறந்ததும் அந்த வருஷம்தான் என்பதை நினைத்துக்கொண்டு பார்க்க வேண்டும்.

1939-ல் யுத்தம் வந்தது. ஜெர்மானியர்களைக் காவலில் வைத்தார்கள். 1940-ல் ராய் காலமானார். முப்பத்திரண்டு வயது விதவை அந்த ஸ்டூடியோவின் நிர்வாகத்தில் உட்கார்ந்தார். கம்பெனி இரண்டு கட்சியாயிற்று. ஒரு பக்கம் இவர், மறுபக்கம் முகர்ஜியும் அசோக் குமாரும். மாற்றி மாற்றிப் படம் எடுத்தார்கள். 1943-ல் எதிர்க்கட்சி எடுத்த 'கிஸ்மத்' கல்கத்தா ராக்ஸியில் மூன்று வருஷத்துக்கு மேல் ஓடியது. அதே வருஷம் அவர்கள் விலகிப் போய் பிலிமிஸ்தானைத் தொடங்கிவிட்டார்கள். ஒரு காலத்தில் தம்மைத் திரும்ப அழைத்து வந்த மனிதரே வெளியேறுவதைத் தேவிகா ராணி பார்க்க நேர்ந்தது.

நடிகை என்பதைவிட முதலாளியம்மாள் என்ற முறையில்தான் அவரை நான் மதிக்கிறேன். 1942-ல் பழ வியாபாரியின் மகன் ஒருவர் மலாடுக்கு வந்தார். உருது தெரியுமா, சிகரெட் பிடிப்பதுண்டா என்று கேட்டார் அம்மாள். மாதம் 1,250 ரூபாய் சம்பளம் என்றார். மாதத்துக்கா, வருஷத்துக்கா என்று வந்தவருக்கு உடனே நம்பிக்கை வரவில்லை. யூசுப் கான் திலீப் குமாராக நடித்த முதல் படம், 1944-ல் வந்த 'ஜ்வார் பாட்டா', ஓடவில்லை. மனிதர் ஓடினார், ஐம்பது வருஷத்துக்கு மேல்.

1945-ல் தேவிகா ராணி தம் பங்குகளை விற்றார். ருஷ்ய ஓவியர் ஸ்வெதஸ்லாவ் ரோரிக்கைக் கல்யாணம் செய்துகொண்டு குலுப் பள்ளத்தாக்குக்குப் போனார். பின்பு பெங்களூருக்கு அருகே தாதகுணித் தோட்டத்துக்கு. இந்தத் தடவை யாரும் சமாதானம் பேசி அழைத்து வரவில்லை. ஸ்டூடியோ இன்னும் சுமார் பத்து வருஷம் இழுத்துப் பறித்துக்கொண்டிருந்துவிட்டு மூடியது. 1969-ஆம் வருஷத்துக்கென்று முதல் பால்கே விருதை ஏற்படுத்தியபோது, சினிமாவை விட்டு இருபத்துநான்கு வருஷம் ஆகியிருந்த இவருக்குத்தான் கொடுத்தார்கள்.

1993-ல் ரோரிக் மறைந்தார். 1994 மார்ச்சில் தேவிகா ராணி. குழந்தைகள் இல்லை. வாசனைத் தைலம் எடுக்க மரம் வளர்த்த நானூறு ஏக்கருக்கு மேற்பட்ட தோட்டத்துக்குப் பலரும் சொந்தம் கொண்டாடினார்கள். கர்நாடக அரசாங்கம் அதை எடுத்துக்கொள்ள 1996-ல் தனிச் சட்டமே போட்டது. வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போய் 2011-ல்தான் அரசாங்கத்தின் பக்கம் முடிந்தது. சொத்துரிமை பற்றிப் படிக்கிற வக்கீல் மாணவர்கள் அந்தத் தீர்ப்பைப் படிக்கிறார்கள். சட்டத்தின் பெயரில் தேவிகா ராணி இருக்கிறார். வழக்கின் பெயரில் இருப்பது ஒரு தோட்டக் கம்பெனி.