காண்டாவனமும் மின்கட்டணமும்: தொண்டைமானாற்றை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில், கடனீரேரி பெருங்கடலோடு கலக்குமிடத்தில் அமைந்த ஊர் தொண்டைமானாறு. முதலாம் குலோத்துங்க சோழனின் படைத்தலைவனாகிய கருணாகரத் தொண்டைமான், உப்பேற்றும் மரக்கலங்கள் உள்வரத்தக்கதாக இவ்வாற்றினை வெட்டி ஆழப்படுத்தினான் என்பது வழிவழியாக வழங்கி வரும் ஐதிகம். ஐதிகத்தின் உண்மை எவ்வாறாயினும், நீரையும் காற்றையும் தம் தேவைக்கேற்ப வழிப்படுத்த அறிந்தோர் வாழ்ந்த ஊர் இது என்பதில் ஐயமில்லை. அயலூராகிய வல்வெட்டித்துறையைப் போன்று பாய்மரக் கப்பலோட்டத்தோடு நெருங்கிய தொடர்புடையது. பின்னாளில் உவர்நீரைத் தடுக்கும் அணையினையும் தன் ஆற்றுமுகத்தில் பெற்றது.

காற்றை நம்பிக் கடலோடியவர்களின் வழித்தோன்றல்கள் இன்று சாளரங்களை அடைத்துவிட்டுக் குளிரூட்டியை நாடுகின்றனர். மாதமுடிவில் மின்கட்டணப் பட்டியலைக் கண்டு திகைக்கின்றனர். இத்திகைப்பு குடாநாட்டுக்கு மட்டும் உரியதன்று. வெப்பமண்டல நாடுகள் பலவற்றிலும் கேட்கும் குரலே இது. ஆயினும் குடாநாட்டின் அண்மைக்கால வரலாறு இச்சிக்கலை ஆராய்வதற்கு வேறெங்கும் எளிதிற் கிடையாத ஒரு சான்றினை வைத்திருக்கின்றது. மின்கட்டணம் ஆளியை அழுத்தும் விரலால் மட்டும் தீர்மானிக்கப்படுவதன்று. அதன் பெரும்பகுதி வீடு கட்டப்படும்போதே தீர்மானிக்கப்பட்டுவிடுகின்றது என்பதே அச்சான்று உணர்த்தும் உண்மையாகும்.

வெயிலும் காற்றும்

சித்திரை, வைகாசி மாதங்களிற் குடாநாட்டின் பகல் வெப்பநிலை 32, 33 பாகை செல்சியசை எட்டுவது வழமை. இவ்வெண்கள் தென்னிந்திய உள்நாட்டு நகரங்களோடு ஒப்பிடுகையிற் பெரியனவல்ல. ஆனாற் கடல் சூழ்ந்த நிலமாதலின் காற்றில் ஈரப்பதன் மிகுதி, வியர்வை உலர்வதில்லை, இரவிலும் வெப்பநிலை 27 பாகைக்குக் கீழே இறங்காத நாட்கள் பல. வைகாசி மாதத்துக் கடுங்கோடையினைக் குடாநாட்டு மக்கள் 'காண்டாவனம்' என்பர். அருச்சுனனும் கண்ணனும் துணைநிற்க அக்கினி உண்ட காட்டின் பெயரை ஒரு பருவத்துக்கு இட்டு வழங்கியமை, அவ்வெயிலை அவர்கள் எவ்வாறு உணர்ந்தனர் என்பதைக் காட்டும்.

இவ்வெப்பத்துக்கு மாற்றாக இயற்கை அளித்தது காற்று. ஏறத்தாழ வைகாசி முதற் புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து வீசும் சோளகமும், மாரியில் வடகிழக்கிலிருந்து வீசும் வாடையும் ஆண்டைப் பங்கிட்டுக் கொண்டன. கப்பலுக்குப் பாய் விரித்தவர்கள் இவ்விரு காற்றின் திசையினையும் நன்கறிந்திருந்தனர். வீட்டுக்கு வாயில் வைத்தவர்களும் அவ்வாறே.

நிழல் பொதுவாயிருந்த காலம்

பழைய யாழ்ப்பாணத்து வீட்டமைப்பு இவ்வறிவின் விளைவேயாகும். வசதி படைத்தோரின் நாற்சார் வீட்டில் நடுமுற்றம் வானுக்குத் திறந்திருந்தது. சூடேறிய காற்று இலேசாகி மேலெழ, அதன் இடத்தை நிரப்பத் தலைவாசல் வழியாகக் குளிர்ந்த காற்று உட்புகுந்தது. தாழ்ந்திறங்கிய தாவாரம் சுவரின் மீது வெயில் நேரே படாது தடுத்தது. எளியோரின் மண்வீட்டுக்குப் பனையோலைக் கூரையும் சாணமிட்டு மெழுகிய தரையும் இதே பணியைச் செய்தன. அடுக்குகளுக்கிடையே காற்றைச் சிறைப்படுத்தி வைக்கும் ஓலைக்கூரை வெப்பத்தை எளிதிற் கடத்துவதில்லை. அடுப்பின் வெப்பம் படுக்கும் இடத்தை அணுகாதவாறு சமையலிடம் பெரும்பாலும் தனியே அமைந்தது. இரவிற் புழுக்கம் மிகுந்தால் திண்ணையும் முற்றமும் படுக்கையறையாயின.

இதனினும் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. குளிர்மை வீட்டெல்லைக்குள் மட்டும் தேடப்படவில்லை. வேலிப்படலைக்கு மேலே சிறுகூரை வேய்ந்த சங்கடப்படலை, வழிப்போக்கன் ஒதுங்கி நிற்பதற்கும் இடந்தந்தது. தெருவோரங்களில் மடமும் கேணியும் சுமைதாங்கியும் ஆவுரோஞ்சிக்கல்லும் ஒருங்கே அமைந்தன. பருத்தித்துறையிலுள்ள தெருமூடிமடம், தெருவுக்கே கூரையிட்டுச் செல்வோர்க்கெல்லாம் நிழலளிக்கும் கட்டடமாகும். செல்வச்சந்நிதி முருகனை நாடி வெயிலில் வரும் அடியார்க்கு மடங்களும் அன்னதானமும் அமைந்தமையும் இம்மரபின் தொடர்ச்சியே. நிழல் ஓர் அறமாகக் கொள்ளப்பட்டது.

எனினும் பழமையை முழுதும் போற்றுதல் வரலாற்றாய்வாகாது. அந்நிழல் எல்லார்க்கும் சமமாகக் கிடைத்ததன்று. கேணியிலும் கிணற்றிலும் மடத்திலும் சாதி குறுக்கே நின்றது. நாற்சார் வீட்டின் குளிர்மைக்குப் பின்னே பிறரின் உழைப்பும் இருந்தது. ஓலைக்கூரையோ தீக்கு அஞ்சியது. அடிக்கடி புதிதாய் வேய்தலை வேண்டியது. ஆதலின் மக்கள் ஓட்டையும் சீமெந்தையும் நாடியமை வெறும் பகட்டினால் மட்டும் நிகழ்ந்ததன்று. பாதுகாப்பும் மதிப்பும் வேண்டிய நாட்டத்தினாலும் நிகழ்ந்தது.

சீமெந்தும் மின்சாரமும்

1950ஆம் ஆண்டு காங்கேசன்துறையிற் சீமெந்துத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. அதே ஆண்டில் மலைநாட்டில் லக்சபான நீர்மின் நிலையமும் இயங்கத் தொடங்கியது. 1918இல் பொறியியலாளர் விமலசுரேந்திர முன்வைத்த நீர்மின் திட்டம், மூன்று தசாப்தங்கள் கழித்தே இவ்வாறு கைகூடிற்று. குடாநாட்டில் 1950களின் பிற்பகுதியிற் சுன்னாகத்தில் டீசல் மின்நிலையம் அமைந்தது. 1969இல் இலங்கை மின்சார சபை நிறுவப்பட்டது. இவ்வாறு சீமெந்தும் மின்சாரமும் ஏறத்தாழ ஒரே தலைமுறையில் வீடுகளை வந்தடைந்தன.

இவ்விரண்டின் உறவு கூர்ந்து நோக்கற்பாலது. கொங்கிறீற்றுத் தட்டைக் கூரை பகல் முழுவதும் வெயிலை உள்வாங்குகின்றது. அவ்வெப்பம் தளத்தின் தடிப்பினூடே கீழிறங்கச் சில மணிநேரமாகும். ஆகவே ஞாயிறு மறைந்து, மக்கள் உறங்கச் செல்லும் வேளையிலேதான் கூரை தான் வாங்கிய வெப்பத்தை அறைக்குள் விடத் தொடங்குகின்றது. முற்றமும் இல்லை, திண்ணையும் இல்லை, கள்வர்க்கும் நுளம்புக்கும் அஞ்சிச் சாளரமும் அடைபடுகின்றது. வீடு இழந்த குளிர்மையை மின்விசிறி ஈடுசெய்ய முற்பட்டது. அது போதாதவிடத்துக் குளிரூட்டி வந்தது.

குளிரூட்டி மனிதருக்காகத் தோன்றியதன்று என்பது இங்கு நினைக்கத்தக்கது. 1902இல் அமெரிக்காவின் புரூக்ளின் நகரத்து அச்சகமொன்றில், ஈரப்பதனாற் கடதாசி விரிந்து சுருங்கி வண்ணங்கள் பிறழ்ந்தமையைத் தவிர்க்கவே வில்லிஸ் கரியர் அதன் முன்னோடியை வடிவமைத்தார். இன்றும் கடலோர ஊர்களிற் குளிரூட்டியின் உழைப்பிற் கணிசமான பங்கு காற்றிலுள்ள நீராவியைப் பிழிந்தெடுப்பதிலேயே செலவாகின்றது. கதவிடுக்கு வழியாக ஈரக்காற்று புகும்போதெல்லாம் அவ்வுழைப்பு மீண்டும் தொடங்குகின்றது. உப்புக் காற்று வெளிப்புறக் கருவியின் சுருள்களை அரிக்க, அதே குளிருக்கு மேலும் மின்சாரம் வேண்டப்படுகின்றது.

இருண்ட ஆண்டுகள்

மின்சாரத்தை நம்பிய வாழ்வு எத்துணை நிலையற்றது என்பதைக் குடாநாடு கண்கூடாகக் கண்டது. 1987 மே மாத இராணுவ நடவடிக்கை தொண்டைமானாறு உள்ளிட்ட வடமராட்சியை உலுக்கியது. 1990 யூன் மாதம் போர் மீண்டும் மூண்டதையடுத்துக் குடாநாட்டுக்கான தேசிய மின்விநியோகம் அற்றுப்போயிற்று. பொருளாதாரத் தடையினால் மண்ணெண்ணெயும் அரிதாகியது. சிறு போத்தல்களிற் சொற்ப எண்ணெயும் பஞ்சும் இட்டு எரித்த விளக்கொளியிலே மாணவர் பாடம் படித்தனர். துவிச்சக்கரவண்டியின் மின்னாக்கியைச் சுழற்றி வானொலி கேட்டனர். 1990களின் பிற்பகுதியில் மின்பிறப்பாக்கிகள் வாயிலாக ஓரளவு மின்சாரம் மீண்டது. தேசிய மின்வலையமைப்போடு மீளவும் இணைப்பு ஏற்பட்டது 2013இலேயே.

அவ்வாண்டுகளிற் காண்டாவனம் ஆண்டுதோறும் தவறாது வந்தது, விசிறிகள் சுழலவில்லை. பழைய வீட்டில் வாழ்ந்தோர் திண்ணைக்கும் முற்றத்துக்கும் திரும்பினர். தட்டைக் கூரையின் கீழ் வாழ்ந்தோர்க்கு அவ்வாய்ப்புக் குறைவு. எந்த வீடு தன் குளிர்மையைத் தானே ஆக்க வல்லது, எது கம்பிவழி வரும் மின்சாரத்தை எதிர்நோக்கி நிற்பது என்பதை அக்காலம் தெளிவுற வேறுபடுத்திக் காட்டியது.

மீண்டுவந்த மின்சாரமும் விலையின்றி வந்ததன்று. சுன்னாகத்தில் எரிபொருள்வழி மின்னுற்பத்தி நடைபெற்ற சூழலில் அயற்கிணறுகளில் எண்ணெய் கலந்தமை பெருங்கவலையாயிற்று. வற்றாத ஆறுகளற்ற, நிலத்தடி நீரையே உயிராகக் கொண்ட மண்ணில் இது சிறு இழப்பன்று. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், தனியார் மின்னுற்பத்தி நிறுவனமொன்று 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. கட்டணப் பட்டியலில் அச்சிடப்படாத கட்டணங்களும் உள என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பட்டியலின் கணக்கு

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி இச்சிக்கலை நாடு முழுவதற்கும் பொதுவாக்கியது. மார்ச்சு மாத இறுதியில் நாளொன்றுக்குப் 13 மணிநேரம் வரை மின்வெட்டு நீடித்தது. ஓகஸ்ற் மாதத்தில் மின்கட்டணம் சராசரி 75 சதவீதத்தாலும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதத்தாலும் உயர்த்தப்பட்டது. மாதம் 30 அலகு மட்டுமே நுகர்ந்த ஏழைக் குடும்பம் நெருக்கடிக்கு முன் ஏறத்தாழ 105 ரூபாவும், முதல் உயர்வின்பின் 360 ரூபாவும், இரண்டாவதன்பின் 1,300 ரூபாவும் செலுத்த நேர்ந்தது. பின்னர்க் கட்டணங்கள் ஏறியும் இறங்கியும் வந்துள்ளன; 2025 சனவரியிற் சராசரி 20 சதவீதம் குறைந்து, யூனில் 15 சதவீதம் கூடின.

கட்டணம் படிமுறையானது. 60 அலகைத் தாண்டியதும் முதல் அலகிலிருந்தே விலை மாறும். 90, 120, 180 என அடுத்தடுத்த படிகளில் மேலும் உயரும். நிலையான கட்டணமும் உடன் ஏறும். இப்படிகளோடு கருவிகளின் நுகர்வைப் பொருத்திப் பார்த்தல் வேண்டும். 75 வாற்றுக் கூரைவிசிறி இரவுக்கு 8 மணிநேரம் சுழன்றால் மாதம் 18 அலகு. ஒரு தொன் கொள்ளளவுள்ள சாதாரண குளிரூட்டி, அழுத்தி இயங்கும் வேளையில் மணிக்கு ஏறத்தாழ ஓர் அலகை உண்ணும். அழுத்தி இடையிடையே ஓய்வதைக் கழித்தாலும் அதே எட்டு மணிநேரத்துக்கு மாதம் 120 முதல் 180 அலகு வரை ஆகலாம். எனவே 55 அலகோடு அமைதியாயிருந்த வீடு, ஒரே கருவியால் உச்சப்படிக்கு அருகே தூக்கியெறியப்படுகின்றது. திகைப்பின் காரணம் இதுவே.

கட்டணத்தைக் கட்டுப்படுத்தும் வழிகளும் இக்கணக்கிலிருந்தே பெறப்படும். குளிரூட்டியின் வெப்பநிலையை ஒவ்வொரு பாகை உயர்த்துகையிலும் ஏறத்தாழ 6 சதவீத மின்சாரம் மீதமாகும் என்பது இந்திய எரிசக்தித் திறன் பணியகத்தின் மதிப்பீடு. 2020 முதல் அந்நாட்டில் அறைக் குளிரூட்டிகள் 24 பாகையிலேயே தொடங்குமாறு விதிக்கப்பட்டது. யப்பான் 2005இலேயே கோடைகால அலுவலகங்களுக்கு 28 பாகையைப் பரிந்துரைத்து, கழுத்துப்பட்டியையும் மேலங்கியையும் களையச் சொன்னது. விசிறி உடன் சுழன்றால் இரண்டு மூன்று பாகை கூடுதலான வெப்பமும் பொறுக்கத்தக்கதாகும். வடிகட்டியைத் தூய்மை செய்தலும், இடுக்குகளை அடைத்தலும், ஓர் அறையை மட்டும் குளிர்வித்தலும் பயன்தரும்.

ஆயினும் இவை யாவும் நோய்க்குறிக்குச் செய்யும் மருந்துகளே. நோய் கூரையில் இருக்கின்றது. தட்டைக் கூரைக்கு வெள்ளைச் சுண்ணாம்பு பூசுதல், அதன்மேல் இடைவெளி விட்டு நிழற்கூரை அமைத்தல், மேற்குச் சுவருக்கு மரநிழல் தருதல், சோளகம் நுழையும் திசையிற் சாளரம் வைத்தல் ஆகியன வெப்பம் உட்புகுமுன்னரே தடுப்பன. தெலுங்கானா மாநிலம் 2023இற் குளிர்கூரைக் கொள்கை ஒன்றனையே வகுத்துள்ளது. கூரைமீது சூரியகலம் பொருத்துவோர்க்குக் கட்டணச் சுமை குறையுமெனினும், சூரியகலம் பகலிலேயே மின் தரும். குளிரூட்டியோ இரவிலேயே பெரிதும் உண்ணும்.

முடிவுரை

போருக்குப் பின்னைய மீள்குடியேற்றத்திலும் இவ்வினா தலைதூக்கியது. 2016இல் வடக்கு, கிழக்கு மாகாணங்களுக்கு 65,000 ஆயத்த உருக்கு வீடுகளை அமைக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டபோது, அவற்றின் விலையோடு, வெப்பநாட்டுக்கு அவை பொருந்தாமையும் எதிர்ப்புக்குக் காரணமாயிற்று. ஈற்றில் அத்திட்டம் கைவிடப்பட்டது. வீடிழந்தவர்க்கு வீடு அளிப்போர், அவ்வீட்டின் வெப்பத்தையும் அவர்க்கே அளிக்கின்றனர் என்பதை மக்கள் உணர்ந்திருந்தமைக்கு இது சான்று.

குளிரூட்டி அறையின் வெப்பத்தை அழிப்பதில்லை, வெளியே இடம்பெயர்க்கின்றது. உள்ளே இருப்பவர்க்குக் குளிர், ஒழுங்கையிற் செல்பவர்க்கு அனல். சங்கடப்படலை கட்டிய சமுதாயம் வீட்டு நிழலிற் சிறுபங்கை வழிப்போக்கனுக்கு ஒதுக்கியது. இன்றைய வீடு தன் வெப்பத்தை அவனுக்கு ஒதுக்குகின்றது. முதியோர்க்கும் நோயாளர்க்கும் குழந்தைகளுக்கும் குளிரூட்டி உயிர்காக்கும் துணையாதல் கூடும். அதனை எவரும் மறுத்தற்கில்லை. ஆனால் அது கடைசித் துணையாதல் வேண்டும். நிழல், கூரை, காற்று, விசிறி என்பவற்றின் பின்னரே அதற்கு இடமுண்டு.

தொண்டைமானாற்றின் கடலோடிகள் காற்றுக்கு எதிரே பாய் விரித்ததில்லை. பளைப் பகுதியில் இன்று காற்றாலைகளைச் சுழற்றி மின்னாகும் அதே சோளகம், கட்டணமின்றி ஒவ்வொரு சாளரத்தையும் தேடி வருகின்றது. அதனை அடைத்துவிட்டு, அதனாலான மின்சாரத்தையே விலைகொடுத்து வாங்கி அறையைக் குளிர்விக்கும் முரண்பாட்டினை இனிக் கட்டப்படும் வீடுகளாவது தவிர்த்தல் வேண்டும்.