நின்றுபோகும் இயந்திரமும் குறைந்துபோகும் டோஸும்: கொல்கத்தாவை முன்வைத்து

கதிர்வீச்சுச் சிகிச்சை விபத்துகளைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் மிகைக்கதிரைப் பற்றியவை. உடலில் தேவைக்கு மேல் கதிர் பாய்ந்தால் அது விபத்து. விசாரணை நடக்கும், அறிக்கை வரும். இயந்திரம் பழுதாகி நான்கு நாள் நின்றுபோனால் அது பராமரிப்புப் பதிவேட்டில் ஒரு வரியாக முடிந்துவிடுகிறது. இந்தப் பாகுபாடு மருத்துவ அடிப்படையில் நிற்காது என்பதே என் வாதம். இயந்திரம் நிற்பதும் டோஸ் பிழைதான். அடிக்கடி நிற்கும் இயந்திரம், மிகைக்கதிர் விபத்துக்கும் வழி திறந்து வைக்கிறது.

இதைப் பேசக் கொல்கத்தாவை எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. மேரி கியூரியின் மகள் ஐரீன் ஜோலியோ கியூரி 1950இல் இந்நகருக்கு வந்து சித்தரஞ்சன் புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்துவைத்தார். இன்று சித்தரஞ்சன் தேசியப் புற்றுநோய் நிறுவனம் ஹாஸ்ராவிலும், 2022 முதல் நியூ டவுனிலும் இயங்குகிறது. தாகுர்புகூரில் சரோஜ் குப்தா மையம், ராஜர்ஹாட்டில் 2011இல் தொடங்கிய டாடா மெடிக்கல் சென்டர், இவற்றோடு அரசு மருத்துவக் கல்லூரிகள். இங்கே வரிசையில் நிற்பவர்களில் கணிசமானோர் நகரவாசிகள் அல்லர். முர்ஷிதாபாத், பீகார், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம் என்று பல திசைகளிலிருந்து வந்து, வாடகை அறையில் ஆறேழு வாரம் தங்குகிறவர்கள். 'மெஷின் கராப்' (இயந்திரம் பழுது) என்ற இரண்டு சொல், முர்ஷிதாபாத்தின் லால்கோலாவிலிருந்து சியால்தா நிலையத்துக்கு ரயிலேறி வந்தவருக்கு ஒரு நாள் கூலியும் ஒரு நாள் வாடகையும் ஆகும். நோய்க்கு என்ன ஆகிறது என்பது அதைவிடப் பெரிய கேள்வி.

தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு வழக்கமான திட்டம், தவணைக்கு 2 கிரே (உடல் ஏற்கும் கதிர் அளவின் அலகு) வீதம் 35 தவணை, ஏழு வாரம். நான்காவது வாரத்துக்குப் பிறகு, எஞ்சியிருக்கும் புற்றுச் செல்கள் வேகமெடுத்துப் பெருகுகின்றன. கதிர் உயிரியலாளர் விதர்ஸும் அவருடைய குழுவினரும் 1988இல் இதை எடுத்துக்காட்டினார்கள்: அந்தக் கட்டத்துக்குப் பின் ஒவ்வொரு நாள் தாமதமும் ஏறத்தாழ 0.6 கிரேயைத் தின்றுவிடுகிறது. ஒரு நாள் நீண்டால் நோய் கட்டுப்படும் வாய்ப்பு 1.4 சதவீதம் அளவுக்குக் குறையும் என்பது பரவலாக எடுத்தாளப்படும் மதிப்பீடு. ஐந்தாவது வாரத்தில் இருப்பவருக்கு இயந்திரம் ஐந்து நாள் நின்றால் 3 கிரே போயிற்று. அதாவது ஒன்றரைத் தவணை. ஒருவருக்கு ஒன்றரைத் தவணையைத் தவறுதலாகக் குறைத்துக் கொடுத்துவிட்டோம் என்று மருத்துவ இயற்பியலாளர் சொன்னால் துறையே கலங்கும். அதே குறைவைப் பழுது உண்டாக்கினால் யாரும் கலங்குவதில்லை. கருப்பை வாய்ப் புற்றுநோய்ச் சிகிச்சையை எட்டு வாரத்துக்குள் முடித்தாக வேண்டும் என்பதும் இதே காரணத்தால்தான். இந்த இரண்டு நோய்களும் இந்தியாவில் மிகுதி. இடைவெளி எதனால் வந்தது என்று புற்று பார்ப்பதில்லை. துர்கா பூஜை விடுமுறையும் இயந்திரத்தில் எரிந்துபோன மேக்னெட்ரான் என்ற பாகமும் அதற்கு ஒன்றுதான்.

கோபால்ட் இயந்திரத்தில் இன்னொரு வகைப் பழுதும் உண்டு. அதைப் பழுதென்று யாரும் சொல்வதில்லை. கோபால்ட்-60இன் அரைவாழ்வு 5.27 ஆண்டு. மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சதவீதம் வலு குறைகிறது. கதிர்மூலத்தைப் புதிதாக வைத்தபோது இரண்டு நிமிடத்தில் முடிந்த தவணைக்கு ஐந்தேகால் ஆண்டு கழித்து நான்கு நிமிடம் வேண்டும். மூலத்தை மாற்றுவது தள்ளிப்போனால் இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கும், வரிசையும் நீண்டுகொண்டே போகும்.

கதிர்மூலம் உள்ளே திரும்பாமல் சிக்கிக்கொள்வதுதான் கோபால்ட் அறையின் பழைய அச்சம். நேரம் முடிந்தும் விளக்கு சிவப்பிலேயே நிற்கும். அப்போது செய்யவேண்டியது எழுதப்பட்டிருக்கிறது. முதலில் நோயாளியை மேசையிலிருந்து இறக்கி வெளியே கொண்டுவர வேண்டும். அதன் பிறகே, தெராட்ரான் வகை இயந்திரமானால், 'டி' வடிவக் கம்பியைத் தலைப்பகுதியில் செருகிச் சிவப்புக் குறி மறையும்வரை தள்ள வேண்டும். பழகிய டெக்னீஷியனுக்கு இது சில விநாடி வேலை. பழகாதவருக்கு அந்த விநாடிகள்தான் ஆபத்து.

நிற்பதும் மிகைப்பதும் ஒரே குடும்பம் என்பதற்குக் கணினி இயக்கிய கதிர்ச் சிகிச்சை இயந்திரமான தெராக்-25 முதல் சான்று. 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலுமாக ஆறு விபத்துகள். அந்த இயந்திரம் சிறு காரணங்களுக்கெல்லாம் இடைநிற்கும். ஒரு விசையை அழுத்தினால் மீண்டும் ஓடும். இயக்குபவர்களுக்கு அது பழகிவிட்டது. 1986 மார்ச்சில் டெக்சாஸின் டைலர் நகரில் 'மால்ஃபங்ஷன் 54' என்று திரை காட்டியது. அதன் பொருளைக் கையேடு விளக்கவில்லை. வழக்கம்போல விசை அழுத்தப்பட்டது. அன்று அறையின் கேமராத் திரை இணைக்கப்படவில்லை, ஒலி இணைப்பும் பழுது. உள்ளே, முதல் முறையே மிகைக்கதிர் பாய்ந்திருந்த நோயாளி இரண்டாம் முறையும் தாக்கப்பட்டு, எழுந்து வந்து கதவைத் தட்டினார்.

2001 பிப்ரவரியில் போலந்தின் பியாவிஸ்தோக்கில் மின்சாரம் போய்த் திரும்பியது. இயந்திரத்தை மறுபடி இயக்கி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். மின்தடையில் டோஸ் கண்காணிப்புக்கு மின்சாரம் தரும் ஃபியூஸ் போயிருந்தது. அந்நிலையில் கதிர் பாய்வதைத் தடுத்திருக்க வேண்டிய பாதுகாப்புச் சுற்றில் ஒரு டயோடும் கெட்டிருந்தது. எரிச்சலும் அரிப்பும் என்று நோயாளிகள் சொன்ன பிறகே இயந்திரம் நிறுத்தப்பட்டது. ஐவர் மிகைக்கதிரால் பாதிக்கப்பட்டார்கள். மின்தடை வாடிக்கையான நம் ஊர்களில் இந்தச் சம்பவம் ஒவ்வொரு துறையிலும் பாடமாக இருக்க வேண்டும். 1992இல் பென்சில்வேனியாவின் இந்தியானா நகரில் இரிடியம் கதிர்மூலம் முறிந்து நோயாளியின் உடலிலேயே தங்கியபோது, சுவரில் இருந்த எச்சரிக்கைக் கருவி சரியாகவே ஒளிர்ந்தது. முன்பு பலமுறை பொய்யாக ஒளிர்ந்திருந்ததால் ஊழியர்கள் அதை நம்பவில்லை. மூதாட்டியான அந்த நோயாளி ஐந்தாம் நாள் இறந்தார்.

நிற்பதைப் பிழையாகக் கணக்கிட்டால், நிறுத்த வேண்டிய இயந்திரத்தையும் ஓட்டச்சொல்லும் நெருக்கடி வரும் என்று மறுப்பு எழலாம். நியாயமான கவலை. ஆனால் அந்த நெருக்கடி ஏற்கெனவே இருக்கிறது. வெளியே நூறு பேர் காத்திருக்கும்போது டெக்னீஷியன் மீது அது பதிவில்லாமலே இறங்குகிறது. 1983இல் அமைந்த அணுசக்தி ஒழுங்குமுறை வாரியமும் 2004ஆம் ஆண்டின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகளும் உரிமம், பாதுகாப்பு அலுவலர், விபத்து அறிவிப்பு ஆகியவற்றை வலுவாக நிலைநாட்டியுள்ளன. அந்தக் கட்டமைப்பின் கண் மிகைக்கதிரின் மீதே இருக்கிறது. தடைப்பட்ட நாள்களையும் நோயாளிவாரியாக அதே பதிவில் சேர்ப்பதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை. பிரிட்டனின் ராயல் கதிரியல் கல்லூரி நோய்களை மூன்று வகையாகப் பிரித்து, வேகமாகப் பெருகும் முதல் வகைக்கு இரண்டு நாளுக்கு மேல் நீட்டிப்புக் கூடாது என்கிறது. சனிக்கிழமைத் தவணை, ஆறு மணி நேர இடைவெளியில் ஒரே நாளில் இரு தவணை, கதிர் பொருந்தும் இன்னோர் இயந்திரத்துக்கு மாற்றுவது என வழிகளும் சொல்கிறது. ஓர் ஊரில் ஐந்தாறு மையங்கள் இருக்கும்போது, முதல் வகை நோயாளியைப் பக்கத்து மையம் ஏற்றுக்கொள்ளும் ஏற்பாடு கொல்கத்தாவில் சாத்தியமே. அதற்குப் பழுது வந்த அன்றே தகவல் போக வேண்டும்.

கடைசியாக, பராமரிப்பு ஒப்பந்தம். 95 சதவீத இயக்க நேரம் என்பது அரசு டெண்டர்களில் வழக்கமான நிபந்தனை. ஆண்டுக்கு 250 வேலை நாள் என்றால், பன்னிரண்டு நாள் நின்றாலும் நிறுவனம் நிபந்தனைக்குள்தான் இருக்கிறது. அந்தப் பன்னிரண்டும் மாதத்துக்கு ஒன்றாக வந்தால் ஈடுசெய்துவிடலாம். உதிரிபாகம் கப்பலில் வரும்வரை சேர்ந்தாற்போல் வந்தால், அப்போது ஐந்தாவது வாரத்தில் இருக்கும் அத்தனை பேருக்கும் சிகிச்சை குலைந்துவிடும். சதவீதம் இரண்டிலும் ஒன்றே. ஆகவே ஒப்பந்தத்தில் தொடர்ச்சியாக நிற்கும் நாளுக்கு, முதல் வகை நோயாளிகளைக் கருதி இரண்டு என்று உச்சவரம்பு வைக்க வேண்டும்; மேக்னெட்ரான், கதிர்க்கதவு மோட்டார் போல அடிக்கடி போகும் பாகங்களை ஊரிலேயே இருப்பு வைக்கும் பொறுப்பும், வரம்பு மீறினால் நோயாளியை வேறு மையத்துக்கு அனுப்பும் செலவும் நிறுவனத்தைச் சேர வேண்டும்.