பொய்த் தோட்டா பிறந்த கதை

கல்லூரி என்.சி.சி.யில் எங்களுக்குத் துப்பாக்கி சொல்லிக்கொடுத்த ஹவில்தார் முதல் நாலு நாள் ஒரு தோட்டாவைக்கூடக் கண்ணில் காட்டவில்லை. குப்புறப் படுக்க வைப்பார். பாயிண்ட் டூ டூ ரைபிளைக் கையில் கொடுப்பார். குழல் நுனியில் ஒரு நாலணாவை வைத்துவிட்டுப் பக்கத்தில் குந்திக்கொள்வார். விசையை இழுக்க வேண்டும், ‘டிக்’ என்று சத்தம் வர வேண்டும், காசு விழக் கூடாது. விழுந்தால் மறுபடி முதலிலிருந்து. நடுநடுவே ‘துருஸ்த் ஷிஸ்த்’ என்று ஏதோ இந்தியில் அதட்டுவார். சரியாகக் குறி பார் என்கிறார் என்பதே முகாம் முடிகிற சமயத்தில்தான் எங்களுக்குப் புரிந்தது.

குழலின் பின்பக்கம், தோட்டா உட்காரும் சேம்பருக்குள், ஏற்கெனவே சுட்ட காலிக் கேஸ் ஒன்றைப் போட்டிருப்பார். அது எதற்கு என்று கேட்டேன்.

“பின்னு மொக்கையாயிடும்டா.”

அவ்வளவுதான் பதில். எங்கள் கை பதறுவதைப் பற்றியோ தோள் இடிபடுவதைப் பற்றியோ அவருக்குக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை. அவர் கவலையெல்லாம் தோட்டாவின் அடியைக் குத்தும் அந்த ஊசியைப் பற்றி.

இன்று பிஸ்டல் பழகுகிறவர்கள் சிவப்புப் பிளாஸ்டிக்கிலோ சாயமேற்றிய அலுமினியத்திலோ செய்த பொய்த் தோட்டாவைப் போட்டுக்கொண்டு வீட்டுச் சுவரைக் குறிபார்த்து விசையை இழுக்கிறார்கள். கடையில் அதன் பெயர் ‘ஸ்னாப் கேப்’. போலீஸ் ஆயுதப்படையில் டிரில் ரவுண்டு, டம்மி ரவுண்டு என்பார்கள். தோட்டா இல்லாமல் சுடும் பயிற்சிக்கு டிரை பிராக்டிஸ். (தமிழில் ‘வறட்டுச் சூடு’ எனலாம். வறட்டு இருமல் நினைவுக்கு வருவதால் யாரும் சொல்வதில்லை போல.) சுடுகிறவன் கை பதறாமல் இருப்பதற்காகவே இது கண்டுபிடிக்கப்பட்டது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஹவில்தார் சொன்னதுதான் சரித்திரப்படி சரி. துப்பாக்கிக்கு வலிக்கக் கூடாதே என்று பிறந்த சாமான் அது. மனிதனைப் பற்றிய யோசனை வெகுகாலம் கழித்துத்தான் வந்தது.

கதையை எங்கள் புதுக்கோட்டையிலிருந்தே தொடங்கலாம். 1751-52இல் திருச்சிராப்பள்ளி முற்றுகையின்போது புதுக்கோட்டை அரசர் தொண்டைமான் ஆற்காட்டு நவாப் முகமது அலி பக்கமும் இங்கிலீஷ் கிழக்கிந்தியக் கம்பெனி பக்கமும் நின்றார். அந்தக் கம்பெனிப் படையின் கையில் இருந்தது சிக்கிமுக்கித் துப்பாக்கி. விசையை இழுத்தால், குதிரை வாயில் கவ்வியிருக்கும் கல் எஃகுத் தகட்டில் உரசிப் பொறி பறக்கும். பொறி மருந்தில் விழும். (சுத்தி போல அடிக்கும் அந்தப் பாகத்துக்குக் குதிரை என்று தமிழில் எப்போதோ பெயர் விழுந்துவிட்டது.) தினமும் கவாத்தில் ‘சுடு, சுடு’ என்று நூறு முறை வெறுமனே இழுத்தால் கல் உதிரும், தகடும் தேயும். கல்லுக்கும் காசு, தகட்டுக்கும் காசு. அந்தக் காலத்து இங்கிலீஷ் பட்டாளம் இதற்குக் கண்ட வழி ரொம்ப எளியது. கல் அளவுக்கே ஒரு மரத்துண்டைச் செதுக்கிக் குதிரையின் வாயில் வைத்துவிட்டார்கள். சத்தம் வரும், பொறி வராது. பொய்த் தோட்டாவுக்குப் பாட்டன் அந்த மரத்துண்டுதான்.

அடுத்த தலைமுறைக்கு விதை போட்டவர் ஒரு பாதிரியார். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் ஃபோர்சைத்துக்கு வாத்து சுடுவதில் பிரியம். சிக்கிமுக்கியில் பொறி தெறிப்பதற்கும் குண்டு கிளம்புவதற்கும் நடுவே ஒரு கண நேரம் இருக்கிறது. அந்தப் பளிச்சைப் பார்த்தே பறவை தப்பித்துவிடும். எரிச்சலில், அடித்தால் வெடிக்கும் ரசாயன மருந்தைத் துப்பாக்கிக்குள் கொண்டுவந்து 1807இல் காப்புரிமை வாங்கினார். அது பிறகு சின்னச் செப்புத் தொப்பியாகியது. தீபாவளிப் பொட்டு வெடியைச் சுத்தியலால் தட்டியவர்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை. குழலின் பின்புறம் ஒரு காம்பு நீட்டிக்கொண்டிருக்கும். தொப்பியை அதன் தலையில் மாட்டிக் குதிரையால் தட்டினால் சுடும். நாட்டுத்துப்பாக்கிக்காரர்கள் இன்றும் ‘கேப்பு’ என்றுதான் சொல்கிறார்கள்.

இங்கேயும் அதே சிக்கல். தொப்பி இல்லாமல் இழுத்தால் இரும்புக் குதிரை இரும்புக் காம்பை நேரடியாகக் குத்தும். காம்பு நசுங்கினால் துப்பாக்கி வெறும் தடி. 1853இல் வந்த என்ஃபீல்டு ரைபிளோடு பித்தளையும் தோலும் சேர்ந்த ஒரு குட்டி மூடியைச் சிப்பாய்க்குக் கொடுத்தார்கள். கவாத்தின்போது காம்பின் தலையில் கவிழ்த்துக்கொள்ள வேண்டும். தொலைந்துபோகாமல் இருக்கச் சங்கிலியும் உண்டு. அதன் பெயர்தான் ஸ்னாப் கேப். ‘ஸ்னாப்’ என்பது குதிரை விழும் சத்தம், ‘கேப்’ என்பது தொப்பி. இன்றைய பிஸ்டல் ஸ்னாப் கேப்பில் தொப்பியும் கிடையாது, காம்பும் கிடையாது. காம்பு போய் நூறு வருஷத்துக்கு மேலாகியும் பேர் மட்டும் போகவில்லை.

அதே 1853இல் இங்கிலாந்தில் ஹைத் என்ற கடற்கரை ஊரில் துப்பாக்கிப் பள்ளி ஒன்று தொடங்கியது. சுடாமல் சுடுவதை ஒரு பாடமாகவே ஆக்கியவர்கள் இவர்கள். நின்று குறி, மண்டியிட்டுக் குறி, வெறும் இழுப்பு என்று நாள் கணக்காகப் போகும். அதில் எனக்குப் பிடித்தது மெழுகுவத்திப் பயிற்சி. குழலின் வாய்க்கு ஒரு கஜ தூரத்தில் மெழுகுவத்தி எரியும். துப்பாக்கியில் மருந்தும் கிடையாது, குண்டும் கிடையாது. காம்பில் தொப்பி மட்டும். குறிபார்த்து இழுத்தால் தொப்பி வெடித்து, அந்தக் காற்று குழல் வழியே ஓடி வரும். குறி சரியாக இருந்தால் சுடர் அணையும், கை ஆடியிருந்தால் எரிந்துகொண்டே இருக்கும். துப்பாக்கிக்காக ஆரம்பித்த விஷயம் முதல்முறையாக ஆளின் கைப்பக்கம் திரும்பியது அநேகமாக அந்தச் சுடருக்கு முன்னால்தான். எங்கள் நாலணாவுக்கு மெழுகுவத்தி பெரியப்பா முறை.

ஹைத் பாடத்திட்டம் என்ஃபீல்டோடு சேர்ந்து இந்தியாவுக்கும் கப்பலேறியது. டம்டம், அம்பாலா, சியால்கோட் ஆகிய இடங்களில் பயிற்சி நிலையம் திறந்தார்கள். பிறகு நடந்தது பள்ளிப் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது: காகிதத் தோட்டா, அதில் தடவிய கொழுப்பு, பசுவா பன்றியா என்ற பேச்சு. பாடப் புத்தகம் அழுத்திச் சொல்லாத ஒன்று உண்டு. 1857 ஏப்ரல் 24ஆம் தேதி மீரட்டில் 90 குதிரைப்படை வீரர்களை நிறுத்தி, தோட்டாவைப் பல்லால் கடிக்காமல் கையால் கிழிக்கும் புது முறையைப் பழக்கப் பார்த்தார்கள். எதிரே எதிரி இல்லை. அது வெறும் பயிற்சி அணிவகுப்பு. 85 பேர் தோட்டாவைத் தொடவே மறுத்தார்கள். மே 9ஆம் தேதி அவர்களுக்கு விலங்கு பூட்டினார்கள். மறுநாள் மீரட் எரிந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்பதைக் கொடுக்கிறவன் வாய்வார்த்தையை நம்பித்தான் தெரிந்துகொள்ள முடியும் என்றால், அந்தப் பொருளோடு ஒரு சந்தேகமும் சேர்ந்தே வரும். பொய்த் தோட்டாவையும் இந்தச் சந்தேகம் இன்றுவரை விட்டபாடில்லை.

1860களில் உலோகத் தோட்டா பட்டாளத்துக்கு வந்தது. குண்டு, மருந்து, தொப்பி மூன்றும் ஒரே பித்தளைக் குப்பிக்குள். குப்பியின் அடியில் நடுவே இருக்கும் வட்டம்தான் பழைய தொப்பி. காம்பின் தலையிலிருந்து இறங்கித் தோட்டாவின் அடியில் குடியேறிவிட்டது. பாதுகாப்பு மூடியும் அதோடு இடம்பெயர வேண்டியதாயிற்று. இனி ஒரு குட்டி மூடி போதாது. முழுத் தோட்டா உருவமே வேண்டும். ஊசி வந்து குத்தும் இடத்தில் ஒரு ஸ்பிரிங்கோ ரப்பரோ. அடியை அது வாங்கிக்கொள்ளும், ஊசி பிழைக்கும். எடுப்பது, போடுவது, தள்ளுவது என்று தோட்டா போடும் கவாத்துக்கும் இதுவே பயன்பட்டது. 1887இல் வெப்லி ரிவால்வர் பிரிட்டிஷ் படையின் இடுப்பில் ஏறியது; கைத்துப்பாக்கிக்கும் இதே கணக்குத்தான்.

உருவம் ஒன்றாகிவிட்டதால் ஆபத்தும் வந்து சேர்ந்தது. நிஜமும் பொய்யும் ஒரே பையில் கிடந்தால்? அதனால்தான் டிரில் ரவுண்டின் உடம்பில் நீளவாக்கில் குழி விடுகிறார்கள், வெள்ளி நிறத்தில் முலாம் பூசுகிறார்கள், ஓட்டை போடுகிறார்கள், சிவப்படிக்கிறார்கள். இருட்டிலும் விரல் தடவினால் தெரிய வேண்டும். நம் போலீஸ் ஆயுதக் கிடங்குக்கு இன்றும் ‘பெல் ஆஃப் ஆர்ம்ஸ்’ என்று பேர். துப்பாக்கிகளை மணி வடிவக் கட்டடத்தில் பூட்டிய காலத்து மிச்சம். ஃபயரிங் முடிந்த சாயங்காலம் புல்லுக்குள் குனிந்து குனிந்து காலிக் கேஸ் பொறுக்கும் காவலர்களைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கிடங்கின் கணக்கு எவ்வளவு கறார் என்பது தெரியும். கொடுத்தது எத்தனையோ திரும்பி வருவதும் அத்தனை இருக்க வேண்டும்.

கைத்துப்பாக்கிக்குத்தான் பொய்த் தோட்டாவின் அருமை முழுதாகத் தெரிந்தது. ரைபிளைத் தோள் தாங்கும், கன்னம் தாங்கும், தரைகூடத் தாங்கும். பிஸ்டலுக்குக் கை மட்டும்தான். அடி வரப்போகிறது என்று தெரிந்த உடம்பு அது வருவதற்கு முன்பே தயாராகிறது: கண் மூடும், மணிக்கட்டு இறங்கும், குழல் தாழும். இது சுடுகிறவனுக்குத் தெரியவே தெரியாது. வெடிச் சத்தமும் உதைப்பும் அந்தத் தவறை மூடிவிடும். அவன் துப்பாக்கியைக் குறை சொல்வான்.

இதற்கு ஒரு குறும்பான வைத்தியம் உண்டு. ஆறு அறை ரிவால்வரில் மூன்று நிஜமும் மூன்று பொய்யும் போட்டு, எது எங்கே என்று சொல்லாமல் உருளையைச் சுற்றிக் கொடுப்பது. முதலில் வெடிக்கும். இரண்டாவது இழுப்பில் ‘டிக்’. சத்தமில்லை, உதைப்பில்லை, ஆனாலும் குழல் நுனி குதிரை விழும் நேரத்துக்குச் சரியாக ஒரு விரற்கடை கீழே குத்தி நிற்கும். பக்கத்தில் நிற்கிறவர் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதில்லை. சுட்டவனே துப்பாக்கியைக் குனிந்து பார்ப்பான். வெடிக்காத தோட்டாவால்தான் இந்த உண்மையைச் சொல்ல முடியும். மருந்து மிச்சம் என்பதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

பொய்யும் கொல்லும். 1993இல் ‘தி க்ரோ’ படப்பிடிப்பில் புரூஸ் லீயின் மகன் பிராண்டன் லீ செத்தது அப்படித்தான். நிஜத் தோட்டாவிலிருந்து மருந்தை மட்டும் கொட்டிவிட்டு ‘டம்மி’ என்று பேர் வைத்திருந்தார்கள். அடியில் தொப்பி அப்படியே இருந்தது. அது தள்ளிய ஈயக்குண்டு குழலில் சிக்கிக்கொண்டது. பின்னால் போட்ட வெற்று வெடி அதை வெளியே அனுப்பியது. 2021 அக்டோபர் 21ஆம் தேதி ‘ரஸ்ட்’ படப்பிடிப்பில் ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் இறந்தது டம்மிகளோடு நிஜத் தோட்டா கலந்ததால். சினிமா டம்மியில் மருந்துக்குப் பதில் ஒரு குட்டி இரும்பு உருண்டையைப் போட்டிருப்பார்கள். காதருகே குலுக்கினால் கிலுகிலுப்பை மாதிரி சத்தம் வரும். ஒவ்வொன்றையும் குலுக்கிப் பார்ப்பது ஒருவருடைய வேலை.

அதற்கு இரண்டு மாதம் கழித்து, 2021 டிசம்பர் 30ஆம் தேதி, எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் நார்த்தாமலைக்குப் பக்கம் பசுமலைப்பட்டி துப்பாக்கி சுடும் தளத்தில் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையினர் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார்கள். தளத்தைத் தாண்டி வந்த ஒரு குண்டு, நார்த்தாமலையில் தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுப் பையனின் தலையில் பாய்ந்தது. 2022 ஜனவரி 3ஆம் தேதி தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அவன் இறந்தான். தளத்தை அடியோடு மூட வேண்டும் என்று ஊர் மறியலில் உட்கார்ந்தது.

டிரை பிராக்டிஸ் செய்திருந்தால் அந்தக் குண்டு கிளம்பியிருக்காது என்று நான் சொல்ல மாட்டேன். அங்கே கேட்க வேண்டிய கேள்வி தளத்தையும் தடுப்புச் சுவரையும் பற்றியது. காவல் படையில் இருப்பவர் நிஜத் தோட்டா சுடாமல் தேறவும் முடியாது. இருந்தாலும் எங்கள் மாவட்டத்தில் ‘பயிற்சி’ என்ற சொல்லின் எடை அன்றோடு மாறிவிட்டது. குவாரியில் தோட்டா வெடித்தால் எங்கேயென்று திரும்பிக்கூடப் பார்க்காத ஜனங்கள் இப்போது மலைப்பக்கம் படபடவென்று கேட்டால் பிள்ளைகளை உள்ளே கூப்பிடுகிறார்கள்.

இதே புதுக்கோட்டைக்குத் துப்பாக்கியில் இன்னொரு பேரும் உண்டு. சமஸ்தானம் 1948இல் இந்தியாவோடு இணைந்துவிட்டது. அதை ஆண்ட வம்சத்தின் பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ட்ராப் பிரிவில் இந்தியாவுக்காகச் சுட்டார். அதற்கு முந்திய ஆண்டு ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ட்ராப் அணித் தங்கம் வென்ற மூவரில் அவரும் ஒருவர். களிமண் தட்டைப் பறக்கவிட்டுச் சுடும் ஆட்டம் அது. அந்த ஆட்டக்காரர்கள் உலகெங்கும் வீட்டிலேயே இரட்டைக் குழலில் 12 போர் ஸ்னாப் கேப் போட்டு, தோளுக்கு ஏற்றி இறக்கிப் பழகுகிறார்கள். 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் டிரை ஃபயருக்கென்றே ஒரு தனி ஏற்பாடு வைத்துச் செய்கிறார்கள். காற்று செலவாகாது, ‘டிக்’ மட்டும் வரும்.

ஆனால் பாயிண்ட் டூ டூவில் மட்டும் இன்றைக்கும் ஹவில்தாரின் பயம் அப்படியே இருக்கிறது. அதன் ஊசி தோட்டாவின் நடுவில் குத்தாது, விளிம்பில் குத்தும். தோட்டா இல்லாவிட்டால் சேம்பரின் ஓரத்திலேயே மோதி மழுங்கக்கூடும். வெளிநாட்டில் இதற்கு ஒரு மலிவான வழி கண்டுபிடித்தார்கள்: சுவரில் ஸ்க்ரூ முடுக்குவதற்கு முன் செருகும் பிளாஸ்டிக் ராவல் பிளக். சரியான அளவு கிடைத்தால் சேம்பரில் கச்சிதமாக உட்காரும். ஏழெட்டு முறை அடிவாங்கியதும் தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்று.

போன மாதம் தெரிந்தவர் மகளோடு புதுக்கோட்டைக் கீழ ராஜ வீதியில் ஒரு ஹார்டுவேர் கடைக்குப் போனேன். பாயிண்ட் டூ டூ பிஸ்டல் பழகுகிறாள், கல்லூரி இரண்டாம் வருஷம். ராவல் பிளக் வேண்டும் என்றதும் கடைக்காரர் நாலு அளவில் எடுத்துக் கண்ணாடி மேசையில் கொட்டினார். அவள் ஒவ்வொன்றாக எடுத்து, விளிம்பைக் கட்டைவிரலால் தடவி, மஞ்சள் நிறத்தில் ஒன்றைப் பிரித்து வைத்தாள்.

“டிரில் பிட் எத்தனை எம்.எம்.மா? அதையும் சேர்த்துக் குடுத்துர்றேன்” என்றார் கடைக்காரர்.

“சுவத்துல ஓட்டை போடலண்ணே. நூறு மட்டும் குடுங்க.”