தரங்கம்பாடியின் புதிய எருசலேம் ஆலயம்

தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கரின் இசைவுடன் 1620-இல் டேனிய வணிகர்கள் தரங்கம்பாடியில் காலூன்றினர். லுத்தரன் திருச்சபையைச் சேர்ந்த அவர்கள் தங்களுக்காக 1701-இல் சீயோன் ஆலயத்தை எழுப்பினர். அங்கே தமிழ் ஒலிக்கவில்லை.

டென்மார்க் மன்னர் நான்காம் பிரடெரிக் அனுப்பிய சீகன்பால்க், புளுட்சோ என்னும் ஜெர்மானியப் போதகர்கள் 1706 ஜூலை 9 அன்று அங்கு வந்திறங்கினர். சீகன்பால்க் திண்ணைப்பள்ளிச் சிறுவர்களோடு அமர்ந்து, மணலில் எழுதித் தமிழ் கற்றார். இந்துக்களோடும் முஸ்லிம்களோடும் சமயம் குறித்து உரையாடினார். 1707 ஆகஸ்டு 14 அன்று தமிழருக்கெனச் சிற்றாலயம் ஒன்றைத் திறந்தார். கோட்டைத் தலைவருக்கு இது பொறுக்கவில்லை; 1708-இல் அவரை டேன்ஸ்போர்க் கோட்டையில் அடைத்தார். அனுப்பியவர் அரசர், அடைத்தவரோ அந்நாட்டு அதிகாரியே! சிறைவாசம் நான்கு மாதங்கள் நீடித்தது.

விடுதலைக்குப் பின்னும் அவர் பணி ஓயவில்லை. 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. இன்று நாம் காணும் புதிய எருசலேம் ஆலயம் 1718 அக்டோபர் 11 அன்று திறக்கப்பட்டது. நான்கே மாதங்களில், 1719 பிப்ரவரி 23 அன்று, தம் 36ஆம் வயதில் அவர் மறைந்தார். அவ்வாலயத்தினுள்ளேயே அடக்கம் செய்யப்பட்டார்.

1845-இல் டேனியர் தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்றுச் சென்றனர். முகப்பில் டேனிய மன்னரின் முடிச்சின்னம் எஞ்சியது. உள்ளே தமிழ் வழிபாடு தொடர்ந்தது.

ஆட்சி நீங்கினாலும் மக்கள் மொழியில் வேர்கொண்ட சமயம் நிலைக்கும். அரபுத்தமிழில் மார்க்க நூல்கள் யாத்த நம் முன்னோரும் இதனை அறிந்திருந்தனர். பிள்ளைகளுக்கு மார்க்கத்தை நல்ல தமிழில் விளக்கத் தடுமாறும் நம் இல்லங்கள் இதனைச் சிந்திக்கட்டும்.