எகிமோவ்: பிறருக்காக ஓட்டியவரின் புகழ்

வியாசெஸ்லாவ் எகிமோவ் 1966 பிப்ரவரி 4 அன்று, லெனின்கிராடுக்கு வடமேற்கே, பின்லாந்து எல்லையை ஒட்டிய வைபோர்க் நகரில் பிறந்தார். லெனின்கிராடில் அலெக்சாண்டர் குஸ்னெத்சோவ் என்ற கண்டிப்பான பயிற்சியாளரிடம் வளர்ந்த அவர், முதலில் உள்ளரங்க ஓடுதளத்தின் சைக்கிள் வீரர். 1988 சியோல் ஒலிம்பிக்கில் சோவியத் அணி 4 கி.மீ. குழு விரட்டுப் பந்தயத்தில் தங்கம் வென்றபோது அந்த அணியில் அவரும் இருந்தார்.

அக்காலச் சோவியத் வீரர்கள் பெயரளவில் அமெச்சூர்கள். மேற்கு ஐரோப்பியத் தொழில்முறைப் பந்தயங்களின் கதவு அவர்களுக்கு அடைத்தே கிடந்தது. எண்பதுகளின் இறுதியில் கோர்பச்சேவின் சீர்திருத்தங்கள் அதைத் திறந்தன. 1990இல் எகிமோவ் நெதர்லாந்தின் பானசோனிக் அணியில் சேர்ந்து, அதே ஆண்டு டூர் டி பிரான்ஸில் களமிறங்கினார். மறு ஆண்டு மக்கோன் நகரில் முடிந்த கட்டத்தில், இறுதி நேரத்தில் கூட்டத்தை உதறித் தனியே பாய்ந்து வென்றார். டூரில் அவர் தனிநபராக வென்ற கட்டம் அது ஒன்றுதான்.

ஆனால் ரசிகர்கள் அவரைக் கொண்டாடியது வெற்றிக் கணக்கைப் பார்த்து அல்ல. தலைமை வீரருக்காக எதிர்க்காற்றைத் தாங்கி மணிக்கணக்கில் முன்னால் ஓட்டுவது, தப்பியோடும் எதிரணியினரைத் துரத்திப் பிடிப்பது, மறுநாளும் அதையே செய்வது: இதுவே அவருடைய தொழில். 'எகி' என்று செல்லமாக அழைக்கப்பட்ட அவர், 1990க்கும் 2006க்கும் இடையே 15 முறை டூரைத் தொடங்கினார். 15 முறையும் பாரிஸ் வரை ஓட்டி முடித்தார். மூன்று வாரம் நீளும், பலர் பாதியிலேயே விலகிவிடும் பந்தயத்தில் இது அசாதாரணமான உறுதி. 2006 டூரின் கடைசி நாளில், நாற்பது வயதான அவரே கூட்டத்துக்குத் தலைமையேற்று ஷான்ஸ் எலிசே வீதிக்குள் நுழையட்டும் என்று சக வீரர்கள் வழிவிட்டார்கள். தொழிலில் உடனிருப்போர் தரும் மரியாதைக்கு மேல் வேறு சான்று தேவையில்லை.

பிறருக்காக உழைத்தவர், கடிகாரத்தை மட்டுமே எதிரியாகக் கொண்ட தனிநபர் நேரப் பந்தயத்தில் தன் முழு வலிமையையும் காட்டினார். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் ஜெர்மனியின் யான் உல்ரிச்சையும், டூரில் தன் அணித் தலைவரான லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கையும் முந்தித் தங்கம் பெற்றார். உல்ரிச் பின்தங்கியது சுமார் எட்டு விநாடிதான். 2004 ஏதென்ஸில், 38 வயதில், டைலர் ஹாமில்டனுக்கு அடுத்து வெள்ளி. ஹாமில்டன் ஊக்கமருந்து பயன்படுத்தியதை ஒப்புக்கொண்டபின், 2012இல் அந்தத் தங்கம் எகிமோவுக்கு வந்து சேர்ந்தது. எட்டு ஆண்டு தாமதமானாலும் அது நியாயமான முடிவு. அதே ஆண்டு ஊக்கமருந்துக் குற்றத்துக்காக ஆம்ஸ்ட்ராங்கின் ஏழு டூர் பட்டங்களும் பறிக்கப்பட்டன. எகிமோவ் ஆண்டுக்கணக்கில் பாடுபட்ட அணியின் பெரும் வெற்றிகள் ஏடுகளிலிருந்து அழிந்தன.

ஓய்வுக்குப் பின் அணி இயக்குநராகப் பணியாற்றிய அவர், ரஷ்யாவின் கட்யூஷா அணியின் பொது மேலாளராகவும், 2016இல் ரஷ்ய சைக்கிள் கூட்டமைப்பின் தலைவராகவும் பொறுப்பேற்றார்.