சம்பாரண் வாக்குமூலங்கள்

பாரத விடுதலைப் போர் என்றதும் நம் நினைவு பெரும்பாலும் உப்பு யாத்திரையையும் 1942-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியையுமே நாடிச் செல்கிறது. கோஷங்களைவிடக் காகிதத்தையும் பேனாவையுமே பெரிதும் நம்பி நடந்த போராட்டம் ஒன்றும் உண்டு. அது 1917-ஆம் ஆண்டில், பீகாரின் வடகோடியில், நேப்பாள எல்லையை அடுத்த சம்பாரண் ஜில்லாவில் நடந்தது.

அங்கே குடியானவரை அழுத்திய சுமையின் பெயர் 'தீன்கட்டியா'. ஒரு பிகா நிலம் 20 கட்டா கொண்டது. அதில் 3 கட்டாவில் அவுரியே பயிரிட்டாக வேண்டும். அதுவும் வளமான பகுதியாகப் பார்த்துத் துரையின் ஆட்கள் குறித்துக் கொடுத்த இடத்தில்! 1897-ல் ஜெர்மானியர் செயற்கை நீலச் சாயத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தபின் அவுரியின் விலை சரிந்தது. நஷ்டம் துரைகளைச் சேர வேண்டியது, நடந்ததோ வேறு. அவுரிக் கட்டாயத்திலிருந்து விடுவிப்பதாகச் சொல்லிச் சிலருக்குக் குத்தகையை உயர்த்தினர். மற்றவர்களிடம் 'தாவான்' என்ற பெயரில் ரொக்கமாகவே பெற்றுக்கொண்டனர். விலையிழந்த பயிரைப் பயிரிடாதிருக்கக் குடியானவன் விலை கொடுத்தான். துரை குதிரை வாங்கினாலும், யானை வாங்கினாலும், மோட்டார் வாங்கினாலும் அதற்கென்று தனி வசூல் வேறு.

இக்கொடுமையைச் சொல்ல ராஜ்குமார் சுக்லா என்ற குடியானவர் 1916 டிசம்பரில் லக்னோ காங்கிரஸுக்குச் சென்றார். காந்தியடிகள் அப்போது சம்பாரண் என்ற பெயரையே கேட்டறியாதவர். சுக்லா விடவில்லை; கான்பூர் வரையிலும் பின்தொடர்ந்தார். முடிவில் 1917 ஏப்ரலில், கல்கத்தாவிலிருந்து இருவரும் பீகாருக்கு ரயிலேறினர்.

மோத்திஹாரியை அடைந்த மறுநாளே, ஜில்லாவை விட்டு வெளியேறும்படி காந்தியடிகளுக்கு உத்தரவு வந்தது. அவர் மறுத்தார். ஏப்ரல் 18-ஆம் நாள் நீதிமன்றத்தில் உத்தரவை மீறியதை ஒப்புக்கொண்டு, அதற்குரிய தண்டனையை ஏற்கச் சித்தமாயிருப்பதாக அறிவித்தார். மாஜிஸ்டிரேட் திகைத்துத் தீர்ப்பை ஒத்திவைத்தார். சில நாட்களில் மாகாண சர்க்கார் வழக்கையே திரும்பப் பெற்றுக்கொண்டது. இக்காட்சியை யாவரும் அறிவர். இதனினும் பெரியது இதன்பின் நடந்ததே என்பது நம் கருத்து.

பிரஜகிசோர் பிரசாத், ராஜேந்திர பிரசாத், அனுக்கிரக நாராயண சின்ஹா முதலிய வக்கீல்கள் நாள் முழுதும் அமர்ந்து, குடியானவர் கூறியதை எழுதிக்கொண்டனர். கேட்டதையெல்லாம் எழுதிவிடவில்லை, ஒவ்வொருவரையும் குறுக்கு விசாரணை செய்து, நம்பத்தகாததை ஒதுக்கினர். (வந்த புதிதில் ஒவ்வொரு வக்கீலுக்கும் தனிச் சமையற்காரன், நள்ளிரவில் சாப்பாடு. காந்தியடிகள் எல்லாருக்கும் ஒரே அடுப்பு என்று ஆக்கினார்.) ரகசியப் போலீஸ் அதிகாரி ஒருவர் அருகிலேயே இருப்பார். அவரை யாரும் விரட்டவில்லை, மரியாதையுடனேயே நடத்தினர். போலீஸ்காரனைக் கண்டால் ஓடி ஒளிந்த மக்கள், அதே போலீஸ்காரன் பார்த்துக்கொண்டிருக்கத் தம் பெயரையும் ஊரையும் கூறித் துரையின் செயலை எழுதச் செய்தனர். ஆயிரக்கணக்கானோர் இவ்வாறு வந்தனர். மிகைப்படுத்திக் கூறும் வழக்கமும் அந்த அதிகாரியின் முன்னிலையில் தானே அடங்கிற்று.

சேர்ந்த சான்றுகளைச் சர்க்கார் புறக்கணிக்க இயலவில்லை. ஜூன் மாதத்தில் லெப்டினன்ட் கவர்னர் சர் எட்வர்ட் கெய்ட் விசாரணைக் குழு ஒன்றை அமைத்தார். காந்தியடிகளும் அதில் ஓர் அங்கத்தினர். 1918-ல் இயற்றப்பட்ட சட்டம் தீன்கட்டியா முறையை ஒழித்தது. தாவானாகப் பறித்த பணத்தில் காற்பங்கைத் திருப்பித் தருவதென்று முடிவாயிற்று. முழுத்தொகையும் ஏன் கேட்கவில்லை என்று வினவுவோர் உளர், வினா நியாயமானதே. ஆனால், வாங்கியதில் ஒரு பங்கையேனும் திருப்பிக் கொடுக்கும் நிலை துரைக்கு வரும் என்று அதற்குமுன் எந்தக் குடியானவனும் எண்ணியிருக்க மாட்டான். ஜமீன்தாரி முறையைச் சம்பாரண் தொடவில்லை என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை. அதற்குப் பீகார் மக்கள் 1950-ஆம் ஆண்டுச் சட்டம்வரை காத்திருந்தனர்.

விசாரணையோடு வேலை முடிந்துவிடவுமில்லை. 1917-ன் இறுதியில் காந்தியடிகள் சில கிராமங்களில் பள்ளிகளைத் தொடங்கினார். பிதிஹர்வா என்னும் ஊரில் கஸ்தூரிபாவும் தொண்டர்களும் மூங்கிலும் புல்லும் கொண்டு வேய்ந்த குடிசையில் பள்ளி நடத்தினர். ஓரிரவு அது தீக்கிரையாயிற்று. அதே ஊரில் தொண்டர்கள் மீண்டும் பள்ளியைக் கட்டினர், இம்முறை செங்கல்லால்.