குதிரையடியும் ஒரு பேரெண்ணும்

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையில் ஏறி வடக்கே நோக்குவார் கண்ணுக்குக் காவிரிக்கு அப்பால் ஏழு மதில் சூழ்ந்த திருவரங்கம் தோன்றும். அவ்வரங்கன் திருவடிநிலைமீது வேதாந்த தேசிகர் இயற்றிய வடமொழி நூல் பாதுகா சகசிரம். அதன் 1008 சுலோகங்களையும் திருவரங்கத்தில் ஓரிரவிலேயே பாடி முடித்தார் என்பது வைணவ மரபு.

நூலின் சித்திர பத்ததியில் அடுத்தடுத்து நிற்கும் இரு சுலோகங்கள் சதுரங்க துரங்க பந்தம் எனப்படும். முதற் சுலோகத்தின் 32 எழுத்துகளை வரிசைக்கு எட்டாக நான்கு வரிசையில் எழுதுக. முதற் கட்டம் தொடங்கிச் சதுரங்கக் குதிரையின் நடையில், எந்தக் கட்டத்தையும் விடாமலும் மறுமுறை மிதியாமலும் படித்துச் சென்றால் அடுத்த சுலோகம் வெளிப்படும். காசுமீரத்து உருத்திரடர் ஒன்பதாம் நூற்றாண்டிலேயே குதிரையடியில் சுலோகம் செய்தவர். எனினும் அது நேரே படிப்பினும் குதிரை நடையில் படிப்பினும் ஒரே சுலோகமாக நிற்பது. அதற்காகச் சில எழுத்துகளையே மீண்டும் மீண்டும் அடுக்க வேண்டியிருந்தது. தேசிகர் படைத்தவையோ இரண்டு சுலோகங்கள், இரண்டு பொருள்கள். ஐரோப்பாவில் ஆய்லர் இக்குதிரை நடையைக் கணிதமாக ஆராய்ந்தது 1759இல். தேசிகர் பதினான்காம் நூற்றாண்டினர்.

தேசிகர் கொண்டது அரைப் பலகை. 64 கட்டமுள்ள முழுப் பலகையில், எல்லாக் கட்டங்களையும் தொட்டுப் புறப்பட்ட இடத்துக்கே மீளும் சுற்றுகள் எத்தனை? 1996இல் லோபிங், வெகனர் என்னும் செருமானிய அறிஞர் இருவர் கணிப்பொறி கொண்டு 3,34,39,12,34,84,294 என்று விடை கூறினர். அவ்வெண் நான்கால் வகுபடவில்லை. பிழை அதனாலேயே வெளிப்பட்டது. ஒரு சுற்றைத் திருப்பியும் கண்ணாடியில் காண்பதுபோல் மாற்றியும் பார்த்தால் எட்டு வடிவங்கள் கிடைக்கும். அரைவட்டம் திருப்பினும் மாறாத சுற்றாயின் நான்கே கிடைக்கும்; இப்பலகையில் நான்கினும் குறைவதில்லை. ஆகவே மொத்தம் நான்கால் வகுபட்டே தீர வேண்டும். 1997இல் ஆசுத்திரேலியாவில் பிரெண்டன் மெக்கே கண்ட விடை 1,32,67,36,44,10,532. இது நான்கால் வகுபடும், எட்டால் வகுபடாது. நான்கே வடிவமுள்ள சுற்றுவகைகள் 6,08,233 என்னும் ஒற்றைப்படை எண்ணாக அமைந்தமையே காரணம். இத்தனை பெரிய தொகையின் கடைசி இரண்டு இலக்கங்களைப் பார்த்தே பொய்யைப் பிடிக்க முடிந்தது என்பது கணக்கறியாதாருக்கும் சுவையானது.

மிறைக்கவியைச் சொல் விளையாட்டு என்று ஒதுக்குவோர் நம்மிடையே பலர். கவிச்சுவை குன்றும் என்னும் அவர் குறையில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் தேசிகரின் இரட்டைச் சுலோகத்தில் காவல் ஒன்று உண்டு. கண்ட இடத்தில் கட்டமைப்பே பிழையைக் காட்டுவது அவ்வெண்ணுக்கு மட்டும் உரியதன்று. ஏடு பெயர்த்து எழுதுவோன் இவற்றுள் ஒன்றில் ஓரெழுத்தைப் பிழைத்தால், குதிரை அக்கட்டத்தை மிதிக்கும்போது மற்றது அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.